பனிக்கட்டியில் பயணம் போகும் சிறுநீரகம்

உறுப்பு தானம் பற்றி ஆண்டு மலர்களில் எழுதுவோர் சிபிச் சக்கரவர்த்தியில் தொடங்கி, கண்ணப்பரைத் தொட்டு, பிறகு இன்றைய மருத்துவத்துக்கு வருவது வழக்கம். அந்த வழியில் அறிஞர் பலர் போய்விட்டார்கள். நான் நாற்பது ஆண்டுகளாக எண்ணெய் வியாபாரம் செய்பவன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து ஜீவனஹள்ளியில் குடியேறி, கடை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். ஆகவே எனக்குக் கை பழகிய எண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலை எண்ணெய் டின் ஒன்றை உடைத்துப் பாதியை விற்றுவிட்டு, மீதியைச் சரியாக மூடாமல் வைத்தால் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். முழு டின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பாதி காலியான டின்தான் கெடும். காரணம், காலியான இடத்தில் புகுந்த காற்று. காற்றில் உள்ள பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றைத் தாக்குகிறது. தாக்கப்பட்டது பக்கத்தில் இருப்பதைத் தாக்குகிறது. அது அடுத்ததை. ஒரு சங்கிலி போல இது ஓடும். இரும்பு துருப்பிடிப்பதும், நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே குடும்பத்து வேலைதான்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அங்கேயும் இந்தச் சிக்குப் பிடிக்கும் வேலை நடக்கலாம். நாள்தோறும் சிறிதளவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. உடம்பு அதைச் சமாளித்துக்கொள்கிறது. சமாளிக்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் நடந்தால் அதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. ஒருவர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை இன்னொருவர் உடலில் பொருத்தி, ரத்தக் குழாயைத் திறந்துவிடும் நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. அந்த நிமிடத்தின் வரலாறே இக்கட்டுரை.

ஆறு மணி நேரமும் 82 நிமிடமும்

மனிதரிடமிருந்து மனிதருக்குச் சிறுநீரகம் மாற்றும் முதல் முயற்சி 1933ஆம் ஆண்டு உக்ரைனில் உள்ள கெர்சான் நகரில் நடந்தது. செய்தவர் யூரி வொரோனாய். பாதரச நஞ்சு உண்டு சிறுநீரகம் செயலிழந்த ஓர் இளம்பெண்ணுக்கு, இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தைத் தொடையில் வைத்து இணைத்தார். அந்த மனிதர் இறந்து ஆறு மணி நேரம் ஆன பிறகே சிறுநீரகம் எடுக்கப்பட்டது. ரத்தப் பிரிவும் ஒத்துவரவில்லை. இரண்டு நாளில் அப்பெண் இறந்தார். ரத்தப் பிரிவு ஒத்திருந்தாலும் ஆறு மணி நேரம் சூட்டில் கிடந்த சிறுநீரகம் வேலை செய்திருக்காது என்பது இன்று நமக்குத் தெரியும். ரத்த ஓட்டம் நின்று, உடம்புச் சூட்டிலேயே அரைமணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அது கெடத் தொடங்கிவிடும். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும் உறுப்பு அது. அத்தனை பெரிய வரவு திடீரென நின்றால் எந்தக் கடைதான் தாங்கும்?

அடுத்து 1954 டிசம்பர் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார்கள். பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மர்ரேவுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியமாக எண்ணித் தள்ளவில்லை என்பதையே எல்லாரும் எழுதுகிறார்கள். அது சரி. நான் கவனித்தது இன்னொன்று: ரத்தம் இல்லாமல் அந்தச் சிறுநீரகம் இருந்த நேரம் 82 நிமிடம்தான். தானம் தந்தவர் ஒரு அறை, பெற்றவர் அடுத்த அறை.

வேலூர், நியூயார்க், வில்லிவாக்கம்

இந்தியாவில் முதல் முயற்சி 1965இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நடந்தது, இறந்தவரின் சிறுநீரகம், நோயாளி சில நாளில் இறந்துவிட்டார். வெற்றி கிடைத்தது நம்ம வேலூரில்தான். 1971ஆம் ஆண்டு கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் மோகன் ராவ், டாக்டர் கே.வி. ஜானி ஆகியோரின் குழு, உயிரோடு இருந்த உறவினர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டது. பெங்களூர்த் தமிழர்களில் காட்பாடிக்கு ரயில் ஏறாத குடும்பம் குறைவு. அந்த ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒரு பெயரும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த மாற்றுச் சிகிச்சை 1984இல் நடந்தது. அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிறகு நியூயார்க் புரூக்ளின் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் அவருக்குச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் தேர்தலில் வென்றார். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி, 1987 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார். தந்தவர் யார் என்பது அப்போது வெளியே தெரியாது. அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் அப்போது ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "வெளிநாட்டுக் கிட்னி"ன்னு சத்தியம் செய்தவரும் உண்டு.

வேலூரும் நியூயார்க்கும் சொல்வது ஒன்றே. உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகத்துக்குப் பயணம் இல்லை. ரத்தம் நின்ற நேரம் குறைவு. திரும்பி வரும் பிராணவாயு செய்யும் சேதமும் குறைவு. பொருத்திய சில நிமிடத்தில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும்.

இந்த நல்ல குணமே ஒரு கெட்ட வியாபாரத்துக்கும் வழி செய்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வந்தது. உறவினர் அல்லாதவரின் உறுப்பையும் உடல் ஏற்கும்படி செய்தது அது. உடனே தரகர்கள் கிளம்பினார்கள். இறந்தவரின் உறுப்பைப் பயன்படுத்த வேண்டுமானால் சட்டம் வேண்டும், ஐஸ் வேண்டும், வண்டி வேண்டும், நடுராத்திரியில் பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து வேலை செய்ய வேண்டும். விலைக்கு வாங்குவதற்கு, பக்கத்து அறையில் படுக்க ஓர் ஏழை இருந்தால் போதும். சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். நானும் வியாபாரி. எதையும் விலை பேசிப் பழகியவன். ஆனாலும் கடனுக்காக விலாவில் தையல் போட்டுக்கொண்ட பெண்களின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, இதை வியாபாரம் என்று சொல்ல நாக்கு கூசியது.

ஐஸ் பெட்டியின் வேதியியல்

இறந்தவரின் சிறுநீரகத்தைக் கெடாமல் வைக்கும் வித்தை கற்றுக்கொண்டால் ஒழிய இந்த வியாபாரத்துக்கு மாற்று இல்லை. அந்த வித்தை வளர்ந்த கதை, போர்க்கதைகளைவிட எனக்குச் சுவையாக இருந்தது.

முதல் பாடம் குளிர்ச்சி. நான்கு டிகிரிக்குக் குளிர்வித்தால் செல்லின் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கடையை மூடாமல், விளக்கை மட்டும் குறைத்து வைப்பது போல. 1969இல் அமெரிக்காவில் காலின்ஸ், டெராசாகி ஆகியோர், செல்லின் உள்ளே இருக்கும் உப்புக்களை ஒத்த ஒரு கரைசலைச் செய்தார்கள். சிறுநீரகத்துக்குள் அதைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவி, ஐஸில் வைத்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கியது.

ஆனால் ஒரு புதிர் தீரவில்லை. ஐஸில் இருக்கும்போது நன்றாகத் தெரியும் உறுப்பு, ரத்தம் பாய்ந்த பிறகு கெடுகிறதே, ஏன்? பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் தெம்பு அல்லவா வர வேண்டும்?

விடையின் நுனி அதே 1969இல் வேறொரு ஊரில் கிடைத்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரிடோவிச் என்ற பேராசிரியரும் அவர் மாணவர் மெக்கார்டும், நம் செல்களில் ஒரு காவல்காரன் இருப்பதைக் கண்டார்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குப் பெயர். சூப்பர் ஆக்சைடு என்பது ஓர் எலக்ட்ரானை அதிகமாகப் பிடித்துக்கொண்டு வெறிபிடித்துத் திரியும் பிராணவாயு. காவல்காரன் இருக்கிறான் என்றால் திருடனும் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? உயிர் காக்கும் பிராணவாயு உடம்புக்குள்ளேயே உயிரைக் கெடுக்கும் வடிவமும் எடுக்கிறது என்று அப்போது தெரிந்தது. 1981இல் கிரேஞ்சரும் மெக்கார்டும் மற்றவர்களும் இதை ரத்தத் தடையோடு இணைத்துக் காட்டினார்கள். பூனையின் குடலில் செய்த சோதனை அது. படிக்கையில் என் மனம் ஒப்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்தது என்னவோ உண்மை.

அதை வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸைத் திறந்துவிட்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறோம். சமையலறையில் கேஸ் சேர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. திரும்பி வந்து தீக்குச்சியை உரசினால் குப்பென்று பிடிக்கும். ரத்தம் நின்ற செல்லிலும் அப்படித்தான். செல்லின் கைச்செலவுப் பணமான ஏ.டி.பி. என்னும் பொருள் படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தின் என்ற கழிவாகச் சேர்கிறது. அதை எரிப்பதற்கான நொதியும் தயாராகி நிற்கிறது. இல்லாதது பிராணவாயு ஒன்றுதான். குழாயைத் திறந்ததும் அது பாய்கிறது. சூப்பர் ஆக்சைடு குப்பென்று கிளம்புகிறது. செல்லின் சவ்வு பாதி டின் எண்ணெய் போலச் சிக்குப் பிடிக்கிறது. 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இன்னொரு எரிபொருளையும் காட்டினார்கள். சக்சினேட் என்ற பொருள் ரத்தம் நின்ற நேரத்தில் குவிந்து, காற்று வந்ததும் ஒரேயடியாக எரிகிறதாம்.

ஹைப்போசாந்தினை எரிக்கும் நொதியைத் தடுக்க ஒரு மருந்து முன்பே இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கால் பெருவிரல் வீக்கத்துக்குச் சாப்பிடும் ஜைலோரிக் மாத்திரை இருக்கிறதே, அதில் உள்ள அல்லோபியூரினால்தான் அது. யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியும் இந்த நொதியும் ஒன்றே. 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதார்டு இருவரும் செய்த புதிய கரைசலில் அல்லோபியூரினாலையும், குளூட்டத்தயோன் என்னும் துரு தடுப்பானையும் சேர்த்தார்கள். உலகம் முழுக்க அக்கரைசல் பரவியது. கூட்டுச் சரக்கில் எந்தச் சரக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. நம் வைத்தியர்களின் லேகியத்துக்கும் அந்த வாதம் உண்டல்லவா!

தூங்கும் கிட்னி

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்கு, வாரம் மூன்று டயாலிசிஸ் என்று நெடுங்காலம் ஓட்டிய பிறகு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு எங்களுடையது. விளக்கணைத்துப் படுத்தபோது போன் வந்தது. வேறொரு மருத்துவமனையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த சிறுநீரகம், விடியும் முன் பொருத்தப்பட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் சிறுநீர் வரவில்லை. முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. மறுபடி டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள்.

வராந்தாவில் உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "கெட்டுப்போனதை நம்ம தலையில கட்டிட்டாங்க, மாமா. கேட்டுடலாம்" என்று ஒரு பையன் சட்டைக் கையை மடித்தான். அங்கிருந்த இளம் டாக்டரம்மா கோபப்படாமல் சொன்னார்: "கெட்டுப் போகலீங்க. தூங்குது. ஐஸ்ல இருந்து வந்த கிட்னி சில நாள் தூங்கும்." ஒன்பதாம் நாள் சிறுநீர் இறங்கியது.

இதற்கு மருத்துவத்தில் தாமதச் செயல்பாடு என்று பெயர். பொருத்திய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அப்படிக் குறிப்பார்கள். இறந்தவர் தந்த சிறுநீரகத்தில் இது சாதாரணமாக நடப்பது, பெரும்பாலானவை விழித்துக்கொள்ளும். மேலே சொன்ன தீயில் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் வெந்துபோகின்றன. அவை உதிர்ந்து புதியவை முளைக்க நாள் ஆகிறது. இவ்வளவு தெரிந்திருந்தால் அந்தப் பையன் சட்டைக் கையை மடித்திருக்க மாட்டான்.

ஆனால் தூக்கத்தை அலட்சியமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. மியூனிக் நகரில் வால்டர் லாண்டு என்ற அறுவை மருத்துவர், ரத்தம் திறக்கும் நேரத்தில் அந்தக் காவல்காரப் புரதத்தையே மருந்தாகச் செலுத்திப் பார்த்தார். அதன் முடிவை 1994இல் வெளியிட்டார். எதிர்பார்த்ததைவிட வேறொன்று தெரிந்தது: மருந்து பெற்றவர்களுக்குப் பின்னாளில் உடல் உறுப்பைத் தள்ளும் தொல்லை குறைந்திருந்தது. வெந்த செல்கள் கூக்குரல் இடுகின்றன, அந்தக் குரல் கேட்டே எதிர்ப்புப் படை ஓடி வருகிறது என்று அவர் கருத்துச் சொன்னார். முதல் ஒரு மணி நேரத்துச் சேதம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்குக் கேட்கும் என்பதே இதன் பொருள். அந்த மருந்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. கருத்து மட்டும் நிலைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று சொல்லி டப்பா டப்பாவாகப் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் அவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியும். கிரேப்ஃப்ரூட் பழம் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதன் உறவான நம் தேவனஹள்ளிச் சக்கோத்தாவையும் தவிர்க்கவே சொல்கிறார்கள். எவ்வளவு ருசியாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

சட்டமும் சாலையும்

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. உறுப்பை விற்பதைக் குற்றமாக்கியது; மூளைச்சாவைச் சாவு என்று ஏற்றது. நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். அதன்பின் குடும்பம் சம்மதிக்க வேண்டும். சட்டம் இருந்தும் மக்கள் மனம் உடனே திரும்பவில்லை.

திரும்பியது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற இளைஞன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் உறுப்புகளைத் தந்தார்கள். சென்னைப் போலீசார் சாலையைத் திறந்துவிட, இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிடத்தில் போயிற்று. அதைப் பெற்றது பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுமி என்பது நம் ஊரில் பலருக்கு மறந்துவிட்டது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்பு தானத் திட்டம் ஒழுங்காகத் தொடங்கியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று தமிழக முதல்வர் அறிவித்தார். கர்நாடகத்தில் இப்பணியைச் செய்யும் அமைப்புக்கு ஜீவசார்த்தகதே என்று பெயர். ஜீவனஹள்ளிக்காரனான எனக்கு அந்தப் பெயரில் ஒரு சொந்தம் தோன்றுவது இயல்பு!

இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரமே தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். அதனால் இதயத்துக்குச் சாலையைத் திறக்கிறோம், சிறுநீரகம் மெதுவாக வரலாம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஐஸில் கூடும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தைக் கூட்டுகிறது. 2009இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்று நாட்டு மருத்துவர்களும் ஓர் அழகான ஆய்வை வெளியிட்டார்கள். 336 கொடையாளர்கள்; ஒவ்வொருவரின் ஒரு சிறுநீரகம் ஐஸ் பெட்டியில், மற்றது குளிர்ந்த கரைசலை ஓயாமல் செலுத்தும் இயந்திரத்தில். ஐஸில் இருந்தவற்றில் 89 தூங்கின. இயந்திரத்தில் இருந்தவற்றில் 70. வித்தியாசம் 19தான். ஆனால் அந்த 19 குடும்பங்கள் வராந்தாவில் நிற்கவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு செய்தி. எந்த மாநிலத்தில் வசிக்கிறோமோ அங்கேதான் பதிய வேண்டும் என்ற குடியிருப்பு நிபந்தனையை நீக்குவதாக 2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 65 வயது என்ற உச்சவரம்பும், பதிவுக் கட்டணமும் அதோடு நீங்கின. உடனே நண்பர்கள் சிலர், "சென்னையிலேயே பதிஞ்சுடலாமே, நம்ம ஊராச்சே" என்றார்கள். பதியலாம். ஆனால் பெங்களூரிலிருந்து வேலூருக்கு 210 கிலோமீட்டர், சென்னைக்கு 350. போன் நடுராத்திரியில்தான் வரும். நீங்கள் ஒசூர் தாண்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அங்கே சிறுநீரகம் ஐஸில் காத்திருக்கும். நீங்கள் சேர்ந்த பிறகுதான் ரத்தம் எடுத்து ஒத்துவருகிறதா என்ற கடைசிப் பரிசோதனைகளை முடித்து, தேவைப்பட்டால் ஒரு டயாலிசிஸும் செய்து, அறைக்குள் கொண்டுபோவார்கள். ஆகவே எந்த ஊரில் பதிந்தாலும், பதியும் அன்றே மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், வந்ததும் என்னென்ன சோதனை. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள். வண்டி ஓட்ட இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். படுக்கும்போது போனைச் சைலண்டில் போட வேண்டாம்.